டப்ளினை ஜெயிக்க வைத்தது பணமா? நீங்களே சோதித்துப் பார்க்கும் வழி

அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தில், கவுண்டி அணிகள் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) மோதும் போட்டியில், டப்ளின் அணி 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு முறை அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றது. அதற்கு முன் எந்த அணியும் தொடர்ச்சியாக ஐந்தைக்கூட எட்டியதில்லை. வெக்ஸ்ஃபோர்ட் ஒரு முறையும் (1915–18) கெர்ரி இரண்டு முறையும் (1929–32, 1978–81) நான்கோடு நின்றன. டப்ளினுக்கு வளர்ச்சி நிதி கொட்டப்பட்ட காலமும் இதை ஒட்டியே வருவதால், "காசு கொடுத்து வாங்கிய கோப்பை" என்ற பேச்சு அயர்லாந்தில் இன்றுவரை ஓயவில்லை. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை எவரும் சோதிக்கலாம். தேவைப்படுவது மூன்றே தகவல்கள்: இறுதிப் போட்டிகளின் ஸ்கோர், வீரர்களின் பிறந்த ஆண்டு, கவுண்டிகளின் மக்கள்தொகை. மூன்றும் பொதுவில் கிடைப்பவை.

முதலில், எந்தப் பணம்?

கேலிக் கால்பந்து தொழில்முறை ஆட்டமல்ல. வீரருக்குச் சம்பளம் கிடையாது, ஏலமும் கிடையாது. ஒருவர் பெரும்பாலும் பிறந்து வளர்ந்த ஊரின் கிளப்புக்கும், அதன் வழியே தன் கவுண்டிக்கும்தான் ஆடுவார். ஆகவே ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகள் போல நட்சத்திர வீரரை வாங்கிப் போட்டு ஜெயிக்கும் வழி இங்கே இல்லை. பணம் வேலை செய்வதென்றால் வேறு வழியாகத்தான் செய்ய முடியும். விவாதங்களில் மூன்று வெவ்வேறு பணங்கள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன. அவற்றைப் பிரிக்காமல் கணக்குப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

ஒன்று, ஆட்ட வளர்ச்சி நிதி. 2000களின் நடுவிலிருந்து அரசின் விளையாட்டுக் கவுன்சிலும் ஜி.ஏ.ஏ. எனப்படும் கேலிக் விளையாட்டுச் சங்கமும் டப்ளினுக்குத் தந்தது இது. 2007 முதல் 2018 வரை ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் யூரோ. வேறெந்தக் கவுண்டியும் இதன் அருகில்கூட வரவில்லை. இது கோப்பை வென்ற சீனியர் அணியின் கைக்குப் போகவில்லை. கிளப்புகளில் முழுநேரப் பயிற்சியாளர்களை அமர்த்தவே போனது. அவர்களின் சம்பளத்தில் ஒரு பாதியைக் கிளப்பும் மறுபாதியை நிதியும் ஏற்றுக்கொண்டன. அவர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்க் குழந்தைகளைக் கிளப்புக்கு அழைத்து வந்தார்கள்.

இரண்டாவது, சீனியர் அணியின் ஆண்டுச் செலவு: பயிற்சி, உணவு, பயணம், மருத்துவம். இந்த எண்ணைக் கையாளும்போது கவனம் வேண்டும். மேற்கே உள்ள மேயோ கவுண்டியின் அணியில் டப்ளினில் வேலை பார்க்கும், படிக்கும் வீரர்கள் பலர் உண்டு. பயிற்சிக்காக அவர்கள் ஊர் திரும்ப ஒரு வழிக்கே 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் தரப்படும் அந்தப் பயணப்படி கவுண்டியின் செலவை ஏற்றிக் காட்டும். எனவே "மேயோவும்தான் செலவு செய்கிறது" என்ற வாதம் பாதிதான் சரி. மேயோ வீரர் ஓய்வெடுத்திருக்க வேண்டிய நேரம் சாலையில் போகிறது. டப்ளின் வீரருக்கு வேலை, கல்லூரி, பயிற்சி மைதானம் எல்லாம் ஒரே நகரில். இந்த அனுகூலம் எந்த வரவு செலவுப் புத்தகத்திலும் தெரியாது.

மூன்றாவது, விளம்பரதாரர் பணம். தலைநகரத்து அணிக்கு அது இயல்பாகவே அதிகம். காப்பீட்டு நிறுவனமான ஏ.ஐ.ஜி.யின் பெயர் டப்ளின் சட்டையில் இருந்த ஆண்டுகள்தான் இந்த வெற்றிக் காலம். ஆனால் அது வெற்றிக்குக் காரணமா, வெற்றியால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். சோதனைக்கு ஏற்றது முதல் பணம்தான். எப்போது தொடங்கியது, யாரைத் தொட்டது என்று அதைப் பின்தொடர முடியும்.

தலைக்கு எவ்வளவு என்று வகுக்கும்போது

1.8 கோடியை 12 ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ. 2016 கணக்கெடுப்பில் டப்ளின் கவுண்டியின் மக்கள்தொகை 13,47,359. ஆளுக்கு ஒரு யூரோ பத்து சென்ட் சொச்சம். கேட்டால் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். அதே தொகையைப் பதிவு செய்த வீரர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் படம் தலைகீழாகிவிடும். டப்ளினில் சாக்கரும் ரக்பியும் ஆடுவோர் ஏராளம். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் ஜி.ஏ.ஏ.வில் பதிவு செய்தவர்கள் குறைவு. ஆகவே தலைக்கான தொகை மற்ற கவுண்டிகளைவிடப் பல மடங்காகத் தெரியும். இரு தரப்பும் தமக்கு வசதியான வகுஎண்ணைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

கோப்பை யாருக்கு என்பதுதான் கேள்வி என்றால் இரண்டு வகுத்தலையும் ஒதுக்கிவிட்டு மொத்தத் தொகையைப் பாருங்கள். களத்தில் இறங்குவது எல்லா அணிக்கும் 15 பேர்தான். ஆட்ட நாள் பட்டியலில் 26 பேர். 13 லட்சம் பேரிலிருந்தும் அதே 26, லீட்ரிம் கவுண்டியின் 32 ஆயிரம் பேரிலிருந்தும் அதே 26. டப்ளினின் தலைவீதப்படி லீட்ரிமுக்குக் கொடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 35,600 யூரோ கிடைக்கும். ஒரே ஒரு முழுநேரப் பயிற்சியாளரை வைக்கத்தான் அது ஏறக்குறைய போதும். சமமான தலைவீதம் சமமான போட்டியைத் தராது.

வயதுக் கணக்கு

பலர் தவறவிடும் படி இது. குழந்தைகளுக்குச் செலவிட்ட பணம் சீனியர் அணியில் தெரியப் பத்து ஆண்டு பிடிக்கும். நிதி முழுவீச்சில் வரத் தொடங்கியது 2005 வாக்கில் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீரருக்கும் அப்போது என்ன வயது என்று எழுதுங்கள். 13-க்கு மேல் இருந்தவரை அந்தப் பணம் உருவாக்கியது என்று சொல்ல முடியாது.

2011-இல் டப்ளின் 16 ஆண்டு இடைவெளிக்குப் பின் கோப்பையை எடுத்தது. கெர்ரியை ஒரு புள்ளியில் வீழ்த்திய கடைசி ஃப்ரீ கிக் கோல்கீப்பர் ஸ்டீஃபன் கிளக்ஸ்டனுடையது. அவர் பிறந்தது 1981. நிதி வரும் முன்பே, 2001-இல், கவுண்டி அணிக்கு ஆடிவிட்டவர். ஆலன் பிரோகன் 1982, பெர்னார்ட் பிரோகன் 1984, அன்று மாற்று வீரராக வந்து கோல் அடித்த கெவின் மக்மெனமன் 1986. இவர்களில் ஒருவரும் அந்தப் பயிற்சியாளர்கள் கையில் வளர்ந்தவரல்லர். 2011-ஐ நிதியின் கணக்கில் எழுதுவது தவறு.

அடுத்த தலைமுறையைப் பாருங்கள். பிரையன் ஃபென்டன், கியரன் கில்கெனி, ஜாக் மக்காஃப்ரி மூவரும் 1993-இல் பிறந்தவர்கள். 2005-இல் 11, 12 வயது. கான் ஓ'கல்லஹனுக்கு 8, 9 வயது. காலம் பொருந்துகிறது. பொருந்துவது மட்டுமே ஆதாரமாகிவிடாது. ஒவ்வொருவரின் கிளப்புக்கும் சம்பளப் பயிற்சியாளர் எந்த ஆண்டு வந்தார் என்று பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். நல்ல அப்பா, நல்ல பள்ளி ஆசிரியர் என்று வேறு காரணமும் இருக்கலாம்.

வித்தியாசப் புள்ளிகள்: உண்மை தெரியும் இடம்

ஸ்கோரை மாற்றும் முறை எளிது. 2-13 என்றால் இரண்டு கோல், 13 புள்ளி. கோலுக்கு மூன்று, ஆக 19. (2025-இல் தொலைவிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி என்ற விதி வந்துவிட்டது. அதற்குப் பிந்தைய ஸ்கோர்களைப் பழையவற்றோடு சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள்.)

டப்ளின் தன் மாகாணமான லீன்ஸ்டரில் ஆடிய இறுதிப் போட்டிகளின் வெற்றி வித்தியாசத்தை வரிசையாக எழுதுங்கள். 2005-இல் 1, அடுத்து 9, 6, 23, 3. 2010-இல் மீத் கவுண்டியிடம் அரையிறுதியில் தோற்றதால் அந்த ஆண்டு இல்லை. 2011, 2012 இரண்டிலும் 3, 2013-இல் 7. பிறகு 2014 முதல் 2020 வரை: 16, 13, 15, 9, 18, 16, 21.

இங்கே சராசரி எடுத்தால் 2008-இல் வெக்ஸ்ஃபோர்டை 23 புள்ளியில் நொறுக்கிய ஒரே ஆட்டம் முதல் பகுதியை ஏற்றிக் காட்டும். நடு எண்ணை, அதாவது ஏறுவரிசையில் எழுதினால் நடுவில் வருவதை, எடுங்கள். 2013 வரையிலான எட்டு ஆட்டங்களில் நடு எண் 4.5. 2014-க்குப் பிந்தைய ஏழு ஆட்டங்களில் 16. இது சாதாரண மாற்றமல்ல. நிதி தொடங்கியபோது 10, 11 வயதில் இருந்தவர்கள் 20-ஐத் தொட்ட நேரத்தில் வந்த மாற்றம். பணம் வேலை செய்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேறெதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

அதே கணக்கை அகில அயர்லாந்து இறுதிக்குப் போடுங்கள். 2011: 1. 2013: 1. 2015: 3. 2016 மறு ஆட்டம்: 1. 2017: 1. 2018: 6. 2019 மறு ஆட்டம்: 6. 2020: 5. முதல் ஐந்து கோப்பைகளில் நான்கு ஒற்றைப் புள்ளி வெற்றிகள், அவற்றில் மூன்று மேயோவுக்கு எதிராக. ஒற்றைப் புள்ளி ஆட்டத்தைப் பூவா தலையா என்று கொண்டால், நான்கும் டப்ளின் பக்கமே விழ வாய்ப்பு 16-இல் ஒன்று. பதற்றத்தில் கை நடுங்காத ஆட்டமும், கடைசி இருபது நிமிடத்தில் இறங்கிய மாற்று வீரர்களின் தரமும் அந்த வாய்ப்பை டப்ளின் பக்கம் சாய்த்தன. அந்த மாற்று வீரர் வரிசையில்தான் பணத்தின் தடம் ஓரளவு இருக்கிறது. மற்றவர்களுக்கு 18-ஆவது வீரர் கிடைப்பதே பாடு என்றபோது டப்ளினுக்கு 21-ஆவது ஆளும் தேறினார். ஆனால் அந்த இறுதிகளில் பந்து கம்பத்தில் பட்டு எந்தப் பக்கம் போனது என்பதற்குப் பயிற்சியாளர் சம்பளம் காரணமில்லை.

எதிர்ச் சோதனைகள்

ஒரு காரணத்தை நம்பும் முன், அந்தக் காரணம் இருந்தும் விளைவு வராத இடத்தைத் தேட வேண்டும். டப்ளினிலேயே அது இருக்கிறது: ஜி.ஏ.ஏ.வின் மற்றோர் ஆட்டமான, மட்டையால் ஆடும் ஹர்லிங். அந்தப் பயிற்சியாளர்கள் இரு ஆட்டங்களையும் கற்றுக்கொடுத்தார்கள். அதே கவுண்டி, அதே நிதி. ஹர்லிங்கில் 2011-இல் தேசிய லீக், 2013-இல் லீன்ஸ்டர் பட்டம் என்று உண்மையான முன்னேற்றம் வந்தது. ஆனால் அகில அயர்லாந்துக் கோப்பை 1938-க்குப் பிறகு வரவேயில்லை. பணம் தரத்தை உயர்த்தும், உச்சிக்கு அது மட்டும் கொண்டுபோகாது என்பதை இது காட்டுகிறது.

அடுத்து, காரணம் இல்லாமலே விளைவு வந்த இடம். கெர்ரியின் இளையோர் அணி 2014 முதல் 2018 வரை ஐந்து முறை தொடர்ந்து அகில அயர்லாந்துப் பட்டம் வென்றது. டப்ளின் இளையோர் அணி 2012-க்குப் பிறகு அதை வெல்லவில்லை. நிதியில் வளர்ந்த குழந்தைகள் சரியாக அந்த வயதில் இருந்த ஆண்டுகள் இவை.

மக்கள்தொகைதான் காரணம் என்பவர்கள் கார்க் கவுண்டியைப் பார்க்கட்டும். அயர்லாந்துக் குடியரசில் மக்கள்தொகையில் இரண்டாவது பெரிய கவுண்டி. கால்பந்தில் கடைசியாக வென்றது 2010-இல்.

நடுவில் கலந்துவிடும் வேறு காரணங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜிம் கேவின் 2012 இறுதியில் டப்ளின் மேலாளரானார்; அதற்கு முன் 21 வயதுக்குட்பட்டோர் அணியோடு 2010, 2012 இரண்டிலும் பட்டம் வென்றவர், அந்த வீரர்களையே மேலே கொண்டுவந்தார். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் கிராமப்புறக் கவுண்டிகளின் இளைஞர்கள் வெளிநாடு போனார்கள். டப்ளினின் பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் சொந்த நகரிலேயே உள்ள குரோக் பார்க் மைதானத்தில். 2018-இல் எட்டு அணிச் சுற்றில் "பொது மைதானம்" என்ற பெயரிலும் அதுவே டப்ளினுக்கு அமைந்ததை டோனெகல் கவுண்டி பகிரங்கமாக எதிர்த்தது, நியாயமாகவே. இவை எல்லாம் 2014-ஐச் சுற்றியே குவிவதால், லீன்ஸ்டர் வித்தியாசத்தின் பாய்ச்சல் முழுவதையும் நிதியின் பெயரில் எழுத முடியாது.

தீர்ப்பை எப்படி எழுதுவது

"ஆம்", "இல்லை" என்று எழுதாமல் பகுதி பகுதியாக எழுதுங்கள். எங்கள் கணக்கில் 2011, 2013 கோப்பைகளுக்கு நிதியின் பங்கு மிகச் சொற்பம். 2014-க்குப் பிந்தைய லீன்ஸ்டர் ஆதிக்கத்தில், மக்கள்தொகையோடு சேர்ந்து, அதன் பங்கு பெரிது. ஆறு தொடர் கோப்பைகளில் அது அடித்தளம் போட்டது. மேல்மாடியைக் கட்டியவர்கள் ஒரு அபூர்வத் தலைமுறையும் ஒரு மேலாளரும்.

நிதிப் பங்கீடு நியாயமா என்ற கேள்வியை இதோடு கலக்காதீர்கள். ஏற்கெனவே ஆளும் விளம்பரதாரரும் மிகுந்த கவுண்டிக்கு அவ்வளவு பணம் அவ்வளவு காலம் போனது, டப்ளின் ஒரு கோப்பைகூட வெல்லாமல் இருந்திருந்தாலும் தவறுதான் என்பது எங்கள் கருத்து. அதைச் சொல்ல வெற்றியின் காரணத்தை நிரூபிக்கத் தேவையில்லை.

கணக்கை 2020-உடன் மூடிவிடவும் வேண்டாம். 2021-இல் மேயோவிடமும் 2022-இல் கெர்ரியிடமும் அரையிறுதியில் தோற்ற டப்ளின், 2023-இல் மீண்டும் வென்றது. அந்த அணியில் கிளக்ஸ்டன், ஜேம்ஸ் மக்கார்த்தி, மைக்கேல் ஃபிட்ஸிமன்ஸ் இருந்தார்கள். மூவருக்கும் அது ஒன்பதாவது பதக்கம், மூவருமே 2005-இல் 14 வயதைத் தாண்டியவர்கள். 2025-இல் 14 ஆண்டு லீன்ஸ்டர் தொடர் மீத்திடம் முறிந்தது. லூத் கவுண்டி 1957-க்குப் பிறகு முதல் முறையாக லீன்ஸ்டர் பட்டம் வென்றது. இந்த ஆண்டுகளுக்கும் அதே வயதுப் பட்டியலைப் போடுங்கள். இப்போது களத்தில் இருக்கும் டப்ளின் வீரர்களில் பெரும்பாலோர் குழந்தைப் பருவம் முழுவதையும் சம்பளப் பயிற்சியாளர்களுடன் கழித்தவர்கள். லீன்ஸ்டர் இறுதிகளின் நடு எண் வரும் ஐந்தாறு ஆண்டுகளில் மறுபடி 4, 5-க்கு இறங்கினால், மேலே நிதிக்குக் கொடுத்த பங்கைக் குறைத்து எழுத வேண்டியிருக்கும்.