ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் போட வேண்டிய கணக்குகள்

கேம் ஆட கிராஃபிக்ஸ் கார்டு கேட்டால், சென்னையில் கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருக் கடைகளில் என்விடியாவின் செகண்ட் ஹேண்ட் ஆர்டிஎக்ஸ் 2060 6 ஜிபியையும் ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபியையும் அடுத்தடுத்து எடுத்து வைப்பார்கள். "3050 புது மாடல் சார், கோரும் ஜாஸ்தி, ராமும் ஜாஸ்தி" என்பார் கடைக்காரர். அவர் சொல்வது மூன்றும் உண்மைதான். ஆனாலும் பெரும்பாலான கேம்களில் 2019-ல் வந்த 2060, 2022-ல் வந்த 3050-ஐ முந்திவிடும். காரணம் இரண்டு கார்டின் ஸ்பெக்கிலேயே இருக்கிறது. போனில் கால்குலேட்டர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் டெராஃப்ளாப்ஸ், அதாவது கார்டு விநாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு போடும் என்ற எண். கோர் (கணக்குப் போடும் சிறு அலகு) எண்ணிக்கை × பூஸ்ட் கிளாக் (லோடில் எட்டும் சுற்று வேகம்) × 2. ஒரு கோர் ஒரு சுற்றில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்தே முடிப்பதால்தான் அந்த 2. கிளாக்கை மெகாஹெர்ட்ஸில் போட்டால் விடையைப் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். 2060-க்கு 1920 × 1680 × 2, அதாவது 6.45. 3050-க்கு 2560 × 1777 × 2, அதாவது 9.1. இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்பவர்கள் 3050-ஐ வாங்கி வந்துவிடுவார்கள்.

இரண்டு கார்டிலும் "கோர்" என்பது ஒரே பொருள் அல்ல. என்விடியா கோர்களை எஸ்எம் என்ற தொகுதிகளாக அடுக்குகிறது. 2060-ல் 30 எஸ்எம், ஒவ்வொன்றிலும் 64 தசமக் கோர் (புள்ளி வைத்த எண்களைக் கணக்கிடுபவை); முழு எண் கணக்குக்குத் தனியாக இன்னொரு 64. 3050-ல் இருப்பது 20 எஸ்எம்தான். தொகுதிக்கு 128 கோர் என்று எண்ணினாலும், அதில் பாதி முழு எண் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. கேமில் முகவரிக் கணக்கு போன்ற முழு எண் வேலை வந்துகொண்டே இருக்கும்; அது வரும்போதெல்லாம் அந்தப் பாதியின் நேரம் அங்கே போய்விடுகிறது. போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கமும் இதே சிக்கல் உண்டு. ஆர்எக்ஸ் 7600-க்கு நம் சூத்திரத்தில் 2048 × 2655 × 2, சுமார் 10.9 வரும். ஏஎம்டி அறிவித்திருப்பது 21.75. ஒரே சுற்றில் இரண்டு கட்டளை போக முடியும் என்பதால் இரட்டித்துச் சொல்கிறார்கள். கேமில் எல்லா நேரமும் அது நடக்காது. ஆகவே டெராஃப்ளாப்ஸை ஒரே தலைமுறை, ஒரே நிறுவனத்தின் கார்டுகளுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்தது மெமரி வேகம். பஸ் அகலத்தை (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே உள்ள வழி, பிட்டில்) 8-ஆல் வகுத்து, மெமரியின் ஜிபிபிஎஸ் (விநாடிக்கு ஜிகாபிட்) வேகத்தால் பெருக்குங்கள். 2060: 192 ÷ 8 × 14 = விநாடிக்கு 336 ஜிபி. 3050: 128 ÷ 8 × 14 = 224 ஜிபி. பிறகு ஆர்ஓபி (முடிந்த பிக்சலை எழுதும் அலகு) எண்ணிக்கை × கிளாக், இது பிக்சல் நிரப்பும் வேகம்: 48 × 1.68 = 80.6 ஜிகாபிக்சல், 3050-ல் 32 × 1.777 = 56.9. டெக்ஸ்ச்சருக்கும் (பொருள்களின் மேல் ஒட்டும் படம்) இதே போல அதற்கான அலகான டிஎம்யு எண்ணிக்கையைப் பெருக்கினால் 201.6-ம் 142.2-ம் வரும். மூன்றிலும் 2060 முன்னே நிற்கிறது. கேமில் காண்பதும் இதைத்தான். 3050-க்கும் நியாயமான இடம் உண்டு: 6 ஜிபி போதாத கேம்களுக்கும், ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை கார்டே பிரித்துக் காட்ட வேண்டியவர்களுக்கும் அதுவே சரி.

மெமரி வேகத்தையும் தனியாக நம்ப வேண்டாம். 3060 12 ஜிபிக்கு 360, 4060-க்கு 272. ஆனால் 1080பி-யில் வேகமாக ஓடுவது 4060. அதன் எல்2 கேஷ் (சிப்புக்குள் இருக்கும் சிறு மெமரி) 24 எம்பி, 3060-க்கு 3 எம்பிதான். வேண்டிய தரவு பெரும்பாலும் சிப்புக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. ரெசல்யூஷன் கூடக் கூட அந்த கேஷ் பத்தாமல் போகும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருள், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுவது என்று வேலை இருந்தால் வேகத்தைவிட 12 ஜிபிதான் பெரிது.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு வருவதையும் கவனியுங்கள். ஜிடி 1030-ல் மெமரி வேகம் ஜிடிடிஆர்5 வகைக்கு விநாடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 வகைக்கு 16.8 ஜிபி. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! 3050-ன் 6 ஜிபி வகையும் வெறும் ராம் குறைப்பு அல்ல: கோர் 2304, பஸ் 96 பிட், வேகம் 168 ஜிபி. 70 வாட்டில் ஓடுவதால் தனி பவர் ஒயர் வேண்டாம் என்பதே அதன் சிறப்பு. லேப்டாப் கார்டின் பெயரை டெஸ்க்டாப் கார்டோடு ஒப்பிடவே கூடாது.

உங்கள் மதர்போர்டையும் பாருங்கள். 4060, ஆர்எக்ஸ் 6600, 7600 எல்லாம் எட்டு லேன் (கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தரவு போகும் தடம்) மட்டுமே பயன்படுத்துகின்றன. பி450, எச்410 போர்டுகளில் கார்டு மாட்டும் இணைப்பு பழைய பிசிஐஇ 3.0 என்பதால் விநாடிக்கு 16 ஜிபி போக வேண்டிய வழி 8 ஜிபியாகச் சுருங்கும். வீராம் (கார்டின் ராம்) நிரம்பாதவரை பெரிதாகத் தெரியாது. நிரம்பியதும் படம் திக்கித் திக்கி ஓடும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நாலே லேன், 4 ஜிபி ராம். பழைய போர்டுக்கு அதை வாங்கவே வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) மீது "450 வாட்" என்று பெரிதாக எழுதியிருப்பதை விட்டுவிட்டு, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரியின் ஆம்பியரைப் படியுங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 × 18 = 216 வாட்தான் கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்து. 160 வாட் 2060-ஐ அதில் மாட்டினால் கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் சிஸ்டம் பட்டென்று அணைந்துவிடும். பலர் கார்டு போய்விட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பது இங்கேதான்.

சென்னை வெயிலுக்கும் கணக்கு உண்டு. ஃபேன் காற்றை அறையிலிருந்துதான் இழுக்கிறது; ஏசி அறையில் 70 டிகிரியில் நிற்கும் கார்டு, மே மாதம் ஏசி இல்லாத அறையில் 80-ஐத் தாண்டும். பல என்விடியா கார்டுகள் 83 டிகிரியை ஒட்டி கிளாக்கை இறக்கத் தொடங்கும். கிளாக் இறங்கினால் மேலே போட்ட பெருக்கல் எல்லாமே சேர்ந்து இறங்கும். இரண்டு ஃபேனுக்குக் குறைந்த கூலரைத் தவிர்ப்பது நல்லது.

செகண்ட் ஹேண்ட் என்றால் கடையிலேயே ஜிபியு-இசட் என்ற, கார்டின் விவரம் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 2060 6 ஜிபிக்கு ஷேடர் (அதாவது கோர்) 1920, ஆர்ஓபி 48, பஸ் 192 பிட், மெமரி கிளாக் 1750 இருக்க வேண்டும் (1750-ஐ 8-ஆல் பெருக்கினால்தான் 14 ஜிபிபிஎஸ்). பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்றிப் புதுப் பெயர் சூட்டிய பழைய கார்டுகள் பலவற்றின் பெயருக்கு முன்னால் போலி என்று அதுவே காட்டிவிடும். பஸ் இன்டர்ஃபேஸ் பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓட்டுங்கள். சும்மா இருக்கும்போது லிங்க் வேகம் குறைவாகக் காட்டுவது இயல்பு, லோடில் ஏற வேண்டும். பிறகு கார்டுக்கு முழு லோடு கொடுக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஜிபியு-இசட்டின் சென்சார் பக்கத்தில் பெர்ஃப்கேப் ரீசன் (வேகத்தைத் தடுப்பது எது என்று காட்டும்) வரியைப் பாருங்கள். பவர் என்று வந்தால் கவலை இல்லை. தெர்மல் என்று வந்தால் சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஃபேன் தேய்ந்திருக்கலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள். திரையில் புள்ளிப் புள்ளியாகவோ கோடு கோடாகவோ வந்தால் பெரும்பாலும் மெமரி கோளாறு, எவ்வளவு குறைத்தாலும் எடுக்க வேண்டாம். பில்லில் மாடல், ராம் அளவு, கார்டின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள்.