பட்ஜெட் மென்பொருளை ஒப்பிடுவது எப்படி? உங்கள் சொந்தக் கணக்கை வைத்தே சோதிக்கும் முறை

டெமோவில் எல்லா மென்பொருளும் அழகாகத்தான் ஓடும். விற்பவர் கையோடு கொண்டுவரும் மாதிரிக் கணக்கில் எந்த எண்ணும் முரண்டு பிடிப்பதில்லை. ராணிப்பேட்டையில் ஒரு டேனரி (தோல் பதனிடும் ஆலை), ஆம்பூரில் ஒரு ஷூ யூனிட் என்று நடத்துகிறவர்களின் கணக்கு அப்படிப்பட்டதா? பில் யூரோவில், கூலி ரூபாயில். ஒரு கம்பெனியின் தோலை இன்னொரு கம்பெனி வாங்குகிறது. தீபாவளிக்கு முன்னால் போனஸ் மொத்தமாக வெளியே போகிறது. ஆகவே முடித்துவிட்ட உங்கள் சொந்தக் கணக்கையே எல்லா விற்பனையாளரிடமும் ஒரே மாதிரி கொடுத்து, விடை சரியாக வருகிறதா என்று பாருங்கள். அதற்கான படிகள் கீழே.

முதலில் ஒரு தெளிவு. இங்கே பட்ஜெட் மென்பொருள் என்று சொல்வது 'பிசினஸ் பெர்ஃபார்மன்ஸ் மேனேஜ்மென்ட்' வகையை. இது அன்றாடக் கணக்கு எழுதும் டேலி மென்பொருளுக்கு மாற்று கிடையாது. வவுச்சர், ஜிஎஸ்டி, வங்கிப் பதிவு எல்லாம் டேலியிலேயே இருக்கும். இது அதன்மேல் உட்கார்ந்து பட்ஜெட் போடவும், நடந்ததோடு ஒப்பிடவும், பல கம்பெனிக் கணக்கை ஒன்றாகச் சேர்க்கவும், நிர்வாகத்துக்கு அறிக்கை தரவும் உதவுகிறது.

படி 1: வாங்கத்தான் வேண்டுமா?

ஒரே கம்பெனி, பட்ஜெட் போடுபவர் ஒருவர், மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்றால் வாங்காதீர்கள். டேலியின் இன்றைய பதிப்பான டேலிபிரைமிலேயே பட்ஜெட் வசதி உண்டு. ஜோஹோ புக்ஸிலும் உண்டு. டேலியில் பட்ஜெட் வகை கேட்கும் இடத்தில் புதியவர்கள் தவறுவார்கள். கூலி, மின்சாரம் போன்ற செலவுகளுக்கு 'ஆன் நெட் ட்ரான்ஸாக்‌ஷன்ஸ்' என்பதையும், வங்கி இருப்பு, கடன் பாக்கி போன்றவற்றுக்கு 'ஆன் குளோசிங் பேலன்ஸ்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். மாற்றிப் போட்டால் ஒப்பீடே பொருளற்றுப் போகும்.

இரண்டு அல்லது அதற்கு மேல் கம்பெனி, நாலைந்து துறைத் தலைவர்கள் தனித்தனி எக்செல் அனுப்புவது, 'எது கடைசி ஃபைல்' என்று மாதா மாதம் சண்டை: இந்த நிலை வந்துவிட்டால் மேலே படியுங்கள்.

படி 2: மூன்று பெயரோடு நிறுத்துங்கள்

சந்தையில் இருப்பவை இரண்டு வகை. எக்செல்லையே முகமாக வைத்து, பின்னால் பொது டேட்டாபேஸ் வைத்திருப்பவை ஒரு வகை. வீனா, டேட்டாரெய்ல்ஸ் இதில் சேரும். எக்செல்லில் கை பழகிய அக்கவுண்டன்ட் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். அனாபிளான், வொர்க்டே அடாப்டிவ் பிளானிங், ஒன்ஸ்ட்ரீம், ஐபிஎம் பிளானிங் அனலிடிக்ஸ், ஆரக்கிளின் கிளவுட் இபிஎம் ஆகியவை முழுத் தளங்கள். சக்தி அதிகம், அமைத்துத் தர ஆள் வேண்டும், செலவும் அதற்கேற்ப.

பெயர் மாறியவற்றைக் கவனியுங்கள். டிஎம்1 என்று பழைய ஆட்கள் சொல்வதுதான் இன்றைய ஐபிஎம் பிளானிங் அனலிடிக்ஸின் இயந்திரம். அடாப்டிவ் இன்சைட்ஸை 2018-ல் வொர்க்டே வாங்கியது. ஹைபீரியனை ஆரக்கிள் வாங்கியது 2007-ல். ஹோஸ்ட் அனலிடிக்ஸ் இப்போது பிளான்ஃபுல். இது தெரியாமல் ஒரே மென்பொருளைப் பட்டியலில் இரண்டு முறை வைத்துவிடுவது எளிது.

படி 3: சோதனைப் பொட்டலம் கட்டுங்கள்

எல்லோருக்கும் கொடுக்க வேண்டியவை: ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 மாத டிரையல் பேலன்ஸ், அதாவது எல்லாக் கணக்குத் தலைப்புகளின் டெபிட், கிரெடிட் பட்டியல் (ஒவ்வொரு கம்பெனிக்கும் தனியாக), காஸ்ட் சென்டர் (செலவைப் பிரித்துப் பார்க்கும் பிரிவுகள்) பட்டியல், ஷூ ஜோடி எண்ணிக்கை, தோலின் சதுர அடி, நாணய மாற்று விகிதம். வாடிக்கையாளர், சப்ளையர் பெயர்களை எண்ணாக மாற்றிவிட்டுக் கொடுங்கள். வர வேண்டிய சரியான எண்கள் உள்ள விடைத்தாளை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

டேலியிலிருந்து எடுக்கும்போது மூன்று இடத்தில் தடுக்கும்.

கையிருப்புக் கணக்கை டேலியே பார்த்துக்கொள்ளும்படி வைத்திருந்தால், டிரையல் பேலன்ஸில் ஆரம்ப இருப்பு இருக்கும். இறுதி இருப்பு இருக்காது. அதை அப்படியே ஏற்றினால் புதிய மென்பொருள் காட்டும் லாபம் டேலி லாபத்தோடு ஒட்டாது. இறுதி இருப்பைத் தனி வரியாக மாதந்தோறும் கொடுங்கள். லாபம் பொருந்தவில்லை என்றதும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது, ஏப்ரல் முதல் சேர்ந்து வந்த தொகையை அந்த மாதத் தொகை என்று ஏற்றிவிடுவது. கூலி மாதம் 10 லட்சம் என்றால் ஜூன் வரிசையில் 30 லட்சம் தெரியும். அந்த மாத நடவடிக்கையா, சேர்ந்த தொகையா என்று ஃபைல் பெயரிலேயே எழுதிவையுங்கள்.

மூன்றாவது, டெபிட், கிரெடிட் குறி. எக்செல்லுக்கு வரும்போது அது பல நேரம் செல்லின் வடிவமைப்பாக மட்டும் வரும். எண்ணில் கழித்தல் குறி இருக்காது. டெபிட்டுக்கு ஒரு பத்தி, கிரெடிட்டுக்கு ஒரு பத்தி என்று எடுத்து, இரண்டின் கூட்டலும் சமமா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.

படி 4: நான்கு சோதனைகள்

*விற்பனை வித்தியாசம்.* பட்ஜெட் 20,000 ஜோடி, ஜோடிக்கு 18 யூரோ, யூரோ 95 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ. 3,42,00,000. நடந்தது 18,500 ஜோடி, அதே 18 யூரோ, யூரோ 98 ரூபாய், ரூ. 3,26,34,000. குறைவு ரூ. 15,66,000. மென்பொருள் இந்த ஒற்றை எண்ணோடு நின்றுவிடக் கூடாது. 1,500 ஜோடி குறைந்ததால் போனது ரூ. 25,65,000, யூரோ ஏறியதால் வந்தது ரூ. 9,99,000 என்று பிரித்துக் காட்ட வேண்டும். நாணய லாபம் உற்பத்திக் குறைவை மறைத்துவிடுவது ஏற்றுமதிக் கணக்கில் அடிக்கடி நேர்வது. பட்ஜெட் விகிதம், நடப்பு விகிதம் இரண்டையும் தனித்தனியாக வைக்க முடியாத மென்பொருளை இங்கேயே கழித்துவிடலாம்.

*தோல் செலவு.* இதைத்தான் மிக முக்கியமான சோதனை என்று நினைக்கிறோம். ஜோடிக்கு 2.2 சதுர அடி, சதுர அடி ரூ. 110. பட்ஜெட்படி 20,000 ஜோடிக்கு ரூ. 48,40,000. நடந்தது 18,500 ஜோடிக்கு 42,550 சதுர அடி, அதே விலையில் ரூ. 46,80,500. சாதாரண ஒப்பீடு ரூ. 1,59,500 மிச்சம் என்று பச்சை நிறத்தில் காட்டும். ஆனால் 18,500 ஜோடிக்கு ஆகியிருக்க வேண்டியது 40,700 சதுர அடி, ரூ. 44,77,000 மட்டுமே. கட்டிங் பிரிவில் 1,850 சதுர அடி கூடுதலாகப் போயிருக்கிறது, ரூ. 2,03,500 நட்டம். உண்மையான உற்பத்திக்கு ஏற்ப பட்ஜெட்டைத் திருத்திக் காட்டும் 'ஃப்ளெக்ஸிபிள் பட்ஜெட்' வசதி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். 'இருக்கிறது' என்றுதான் பதில் வரும். இந்த எண்களைக் கொடுத்து, உங்கள் கண்முன் 2,03,500 வரவையுங்கள்.

*இரு கம்பெனிச் சேர்க்கை.* டேனரி ஷூ கம்பெனிக்கு 60 லட்சத்துக்குத் தோல் விற்றிருக்கிறது. விற்பனையில் லாபம் 12 சதவீதம். மாதக் கடைசியில் அதில் 10 லட்சம் மதிப்புள்ள தோல் ஷூ கம்பெனியின் கோடவுனில் கிடக்கிறது. சேர்ந்த கணக்கில் 60 லட்சம் விற்பனையிலும் கொள்முதலிலும் நீங்க வேண்டும். அதோடு கையிருப்பும் லாபமும் ரூ. 1,20,000 குறைய வேண்டும். முதல் பாதியைப் பல மென்பொருளும் தானாகச் செய்துவிடும். இரண்டாவது பாதிக்குக் கையால் ஜர்னல் போடச் சொல்வார்கள். போடலாம், தவறில்லை. ஆனால் யார், எப்போது போட்டார், மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இப்படிப்பட்ட திருத்தத் தடம் ('ஆடிட் ட்ரெயில்') கட்டாயம். இந்தச் சேர்க்கைப் பதிவுகளை எப்படி வைப்பது என்று ஆடிட்டரை இப்போதே கேட்டுவிடுங்கள்.

*மாதம் நகரும் செலவுகள்.* போன ஆண்டின் மாத வாரியான விகிதத்தை அப்படியே நகலெடுக்கும் பட்ஜெட் நம் பகுதிக்கு ஒத்துவராது. பக்ரீதை ஒட்டி பச்சைத்தோல் வரத்து கூடும். பக்ரீதோ ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் வரும். 2025-ல் ஜூன் 7-ல் வந்தது. 2026-ல் மே கடைசிக்கு நகர்கிறது. தீபாவளி 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. போனஸை லாப நட்டத்தில் 12 மாதத்துக்கும் பிரித்து ஒதுக்கி, ரொக்க பட்ஜெட்டில் மட்டும் பண்டிகை மாதத்தில் வைக்க வேண்டும். அந்த மாதத்தை மாற்றினால் ரொக்க அறிக்கை உடனே மாற வேண்டும். லாப நட்டம் அசையக் கூடாது. இதை உங்கள் அக்கவுண்டன்ட் விற்பனையாளரின் உதவியில்லாமல் செய்து பார்க்கட்டும். 15 நிமிடத்துக்கு மேல் ஆனால் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: அறிக்கை

1,00,00,000 என்று நம் முறையில் காற்புள்ளி வருகிறதா? சில வெளிநாட்டு மென்பொருளில் 10,000,000 என்றே நிற்கும். கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வடிவில் இருப்புநிலைக் குறிப்பு எடுக்க முடிகிறதா? மொத்த வருமானம் 100 கோடிக்குக் குறைவு என்றால் எண்களை நூறு, ஆயிரம், லட்சம், மில்லியன் இவற்றில் ஒன்றுக்கு முழுமையாக்க (ரவுண்ட் செய்ய) வேண்டும். 100 கோடியும் அதற்கு மேலும் என்றால் லட்சம், மில்லியன், கோடி. லட்சத்தில் காட்டும்போது உள் வரிகளின் கூட்டல் 0.01 வித்தியாசப்படும். அதை மென்பொருள் எப்படிக் கையாள்கிறது என்று ஒரு பக்கம் அச்செடுத்துப் பாருங்கள்.

படி 6: மூன்று ஆண்டு விலை

ஆண்டுச் சந்தாவை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். அமைக்கும் கட்டணம், பயிற்சி, டேலியோடு இணைக்கும் வேலை, கூடுதல் பயனர், புதுப்பிக்கும்போது ஏறும் சதவீதம் எல்லாவற்றையும் மூன்று ஆண்டுக்குக் கூட்டுங்கள். பார்க்க மட்டும் செய்பவருக்கும் முழு லைசென்ஸா என்று கேளுங்கள். முதலாளி மாதம் ஒருமுறை அறிக்கை பார்க்க அவ்வளவு கட்டணம் தேவையில்லை. டாலரில் பில் வந்தால் ரூபாய் சரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கம்பெனி பில் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்பவருக்குப் பதில் வாங்குபவரான நீங்களே, கட்ட வேண்டும். கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக ('இன்புட் கிரெடிட்') எடுக்கலாம், ஆனால் அந்த மாதம் ரொக்கம் வெளியே போகும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள்: சந்தாவை நிறுத்தினால் மாத வாரியான எண்கள், சூத்திரங்கள், குறிப்புகள் எல்லாம் எந்த வடிவில், எத்தனை நாளுக்குள் கிடைக்கும்?

படி 7: மூன்று மாதம் இரண்டும் ஓடட்டும்

பழைய எக்செல்லை உடனே தூக்கிப் போட வேண்டாம். மாதம் முடிந்து ஏழாம் நாள் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் வையுங்கள். முதலில் மொத்த விற்பனை, அடுத்து நிகர லாபம், பிறகு வங்கி இருப்பு என்று இந்த வரிசையில் பொருத்துங்கள். பொருந்தாத தொகை இரண்டால் மீதியின்றி வகுபட்டால், அதில் பாதித் தொகை எந்த லெட்ஜரில் இருக்கிறது என்று தேடுங்கள். டெபிட் பக்கம் போக வேண்டியது கிரெடிட்டில் விழுந்திருக்கலாம். ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறித் தட்டச்சாகியிருக்க வாய்ப்பு உண்டு. இரண்டும் இல்லையென்றால், டேலியில் அந்த மாதத்தில் புதிதாகத் திறந்த லெட்ஜர் எதையாவது புதிய மென்பொருளின் எந்தத் தலைப்பிலும் இணைக்காமல் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.