சட்டமறுப்பை நியாயப்படுத்தும்போது எங்கே சறுக்குகிறோம்?

"என் மனசாட்சி ஒப்பவில்லை, அதனால் மீறினேன்." பலரும் வாதத்தை இதோடு முடித்துவிடுகிறார்கள். மனசாட்சி யாருக்குத்தான் இல்லை? 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று சொன்னபோது, அதை எதிர்த்த வெள்ளையர்களும் கொள்கை பேசித்தான் எதிர்த்தார்கள். ஒரு சட்டம் எனக்குக் கசக்கிறது என்பது வேறு, அது அநீதியானது என்பது வேறு. என்னோடு உடன்படாதவரும் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய காரணம் வேண்டும்.

1963இல் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரச் சிறையிலிருந்து கறுப்பின உரிமைப் போராளி மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம் அப்படிச் சில அளவுகோல்களைத் தருகிறது. பெரும்பான்மையினர் தாங்கள் கடைப்பிடிக்காத சட்டத்தைச் சிறுபான்மையினர் மேல் சுமத்தினால் அது அநீதி. வாக்குரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தச் சட்டத்தை உருவாக்கியதில் பங்கே இல்லை என்றாலும் அப்படித்தான். இன்னொன்றையும் சொல்கிறார், பலரும் இதைத்தான் தவறவிடுகிறார்கள்: எழுத்தில் நியாயமான சட்டமும் பயன்பாட்டில் அநீதியாகலாம். ஊர்வலத்துக்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியில் குற்றம் இல்லை. இனப் பிரிவினையைக் காப்பாற்ற அதைக் கருவியாக்கினால் கதை மாறிவிடுகிறது.

அடுத்தது தண்டனை விஷயம். இங்கே குழப்பம் அதிகம். "சரியென்று நம்புகிறவர் ஏன் சிறைக்குப் போக வேண்டும்?" என்று கேட்பார்கள். 1922 மார்ச்சில் அகமதாபாத்தில் அரச நிந்தனை வழக்கு விசாரணைக்கு வந்தபோது காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டார், உச்சபட்ச தண்டனையையே கேட்டார். சட்டப்படி குற்றம் என்பதை ஏற்றாரே தவிர, தவறு செய்ததாகச் சொல்லவில்லை. ஆறு ஆண்டுச் சிறை கிடைத்தது. அதனால் அந்தத் தண்டனை நியாயமாகிவிட்டது என்று வாதிடுவதும் பிழை. ஒளியாமல் நின்று தண்டனையை ஏற்பவர், மறுப்பது ஒரு சட்டத்தைத்தான், சட்டம் என்ற ஏற்பாட்டையே அல்ல என்று காட்டுகிறார். ரகசியமாக வரி ஏய்ப்பவரையும் இவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாததும் அதனால்தான். உப்புச் சட்டத்தை மீறப்போவதாக 1930இல் வைஸ்ராய்க்கே முன்கூட்டி எழுதிவிட்டு நடந்தவர் காந்தி.

சரி, அடிதடி இல்லாவிட்டால் போதுமா? போதாது. அகிம்சை ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். யாரையும் தொடாமலே ஆம்புலன்ஸை மறித்து ஓர் உயிர் போகக் காரணமாகலாம். தன் ஆட்கள் செய்ததற்குப் பொறுப்பேற்பதும் இதில் அடங்கும். சௌரி சௌரா என்ற ஊரில் போராட்டக் கூட்டத்தால் காவலர்கள் கொல்லப்பட்டதும் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார், பலர் கோபப்பட்டார்கள்.

"எல்லோரும் இப்படி மீறினால் நாடு என்னாகும்?" என்ற கேள்விக்கு மிரள வேண்டியதில்லை. வெளிப்படையாக, அகிம்சையாக, தண்டனைக்குத் தயாராக, அநீதியான சட்டத்தை மட்டும் எல்லோரும் மீறினால் குலையப்போவது அந்தச் சட்டம்தான்.

எடுத்த எடுப்பிலேயே மீறலில் இறங்குவதும் தவறு. பர்மிங்காமில் முதலில் உண்மைகளைத் திரட்டினார்கள், பேச்சுவார்த்தை நடத்தினார்கள், அடி விழுந்தாலும் திருப்பி அடிக்காதிருக்கப் பயிற்சி எடுத்தார்கள். ஆனால் எல்லா வழிகளும் தீரும்வரை காத்திருக்கச் சொல்பவர், அந்த வழிகள் யாருக்குத் திறந்திருக்கின்றன என்று பார்ப்பதில்லை. வாக்கே இல்லாதவரிடம் அடுத்த தேர்தலைக் காட்டுவதில் என்ன அர்த்தம்?