காலியாக விட்ட ஃபங்ஷன் பாயிண்டர்: நெட்வொர்க் டிரைவரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம் பக்கம் வாய்க்கால் நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் பெட்டி ஒன்றுக்கு லினக்ஸ் நெட்வொர்க் டிரைவர் எழுதினேன். மேசையில் ஒழுங்காக ஓடியது. மதகடியில் பொருத்தியதும் சில தடவை பூட் ஆகும்போதே கெர்னல் (லினக்ஸின் மையநிரல்) கிராஷ் ஆனது. ஒரு ஃபங்ஷன் இருக்கும் முகவரியை வைத்திருப்பதுதான் ஃபங்ஷன் பாயிண்டர். பாக்கெட் வாங்கும் ஃபங்ஷனின் முகவரியை, டிவைஸைக் கெர்னலில் பதிவு செய்யும் ரெஜிஸ்டர்_நெட்டெவ் அழைப்புக்கு அடுத்த வரியில் நிரப்பியிருந்தேன். மேசையில் இன்டர்ஃபேஸை நானே கையால் எழுப்பினேன். மதகடியில் ஸ்கிரிப்ட் எழுப்பியது, அந்த வரி ஓடுவதற்கு முன்பே.

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வரச் சில நாள் பிடிக்கும். அதற்குள் தூர்வாரிவிடலாம் என்று கடைசி நேரத்தில் ஓடுவது டெல்டாவில் நமக்குப் பழக்கம். கெர்னல் அந்த அவகாசம் தராது. பதிவான நொடியே யார் வேண்டுமானாலும் டிவைஸை எழுப்பலாம். ஆகவே எல்லாப் பாயிண்டரையும் நிரப்பிவிட்டு, கடைசி வேலையாகப் பதிவு செய்யுங்கள். இன்டரப்ட் (ஹார்டுவேர் தரும் அழைப்புச் சைகை) கேட்பதும் அப்படித்தான். அந்தச் சைகை வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் ஃபங்ஷன் தொடும் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். டிரைவரைக் கழற்றும்போது வரிசை தலைகீழ்: முதலில் பதிவை நீக்குங்கள், அப்புறம்தான் மற்றவை.

அடுத்த தவறு, 'காலியாக இருந்தால் கெர்னல் பார்த்துக்கொள்ளும்' என்ற நம்பிக்கை. டிவைஸை எழுப்பும்போது ஓடும் என்டிஓ_ஓப்பன் இருக்கிறதா என்று கெர்னல் சோதித்துவிட்டுத்தான் கூப்பிடும். பாக்கெட் அனுப்பும் என்டிஓ_ஸ்டார்ட்_எக்ஸ்மிட்டை அப்படிச் சோதிப்பதில்லை, நேரே கூப்பிட்டுவிடும். எது கட்டாயம், எது விருப்பம் என்று கெர்னல் மூலநிரலையே திறந்து பாருங்கள்.

இது வெறும் கிராஷோடு நிற்பதும் இல்லை. 2009-இல் வெளியான சிவிஇ-2009-2692 என்ற எண் கொண்ட பாதுகாப்பு ஓட்டையில், சில புரோட்டோகால்கள் தரவை அனுப்பும் சென்ட்பேஜ் பாயிண்டரை நிரப்பாமல் விட்டிருந்தன. சோதிக்காமல் கூப்பிட்டதால் சாதாரணப் பயனரே ரூட் அதிகாரம் (கணினி மீது முழு அதிகாரம்) பெற முடிந்தது. 2001 முதல் வந்த கெர்னல்களில் அது கிடந்தது. 'இந்த வசதி இல்லை' என்று பிழை எண் திருப்பும் ஒரு குட்டி ஃபங்ஷனை அங்கே வைத்திருந்தாலே போதும்.

இன்னொன்று: கெர்னலில் நினைவகம் கேட்கும் கேமல்லாக் கொடுக்கும் இடத்தில் பழைய குப்பை இருக்கும். அங்கே நிரப்பாமல் விட்ட பாயிண்டர் நல் (NULL, காலி) அல்ல, அதனால் உங்கள் சோதனையையும் தாண்டிவிடும். இடத்தைப் பூஜ்ஜியமாக்கித் தரும் கேஇசட்அல்லாக் பயன்படுத்துங்கள்.

சரி, எல்லா இடத்திலும் 'காலியாக இல்லாவிட்டால் மட்டும் கூப்பிடு' என்று இஃப் போட்டுவிடலாமா? வேண்டாம். பாக்கெட் சத்தமில்லாமல் தொலையும், காரணம் தேடியே நாள் போய்விடும். கட்டாயப் பாயிண்டர்களை, டிவைஸைக் கண்டதும் கெர்னல் கூப்பிடும் புரோப் ஃபங்ஷனில் ஒரே ஒருமுறை சோதித்து, எது காலி என்று பெயரோடு லாகில் எழுதிவிட்டு, அங்கேயே பிழையோடு திரும்புங்கள்.