பாய் சுருட்டத் தெரிந்தவர்களுக்கு ரோல் அப்

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். தீபாவளி சீசன் முடியும்போது இடுப்பு பலகையாகிவிடும். போன வருஷம் கீழே விழுந்த ஊசியை எடுக்கக்கூடச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போது கற்றுக்கொள்ள ஆரம்பித்ததுதான் பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி முறையில் வரும் ரோல் அப். மல்லாந்து படுத்து, முதுகைக் கண்ணி கண்ணியாகத் தரையிலிருந்து பிரித்து எழுந்து, கால்விரலை நோக்கிக் குனிந்து, வந்த வழியே திரும்ப வேண்டும். அவ்வளவுதான். எனக்கு மூன்று வாரம் எழுந்திருக்கவே வரவில்லை.

முதலில் விரிப்பு. மெல்லிய யோகா மேட் வாங்காதீர்கள், மொசைக் தரையில் முதுகெலும்பு இடிக்கும். கோரைப்பாயின் மேல் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டால் போதும்.

படுத்துக்கொண்டு கால்களை நேராக நீட்டிச் சேர்த்து வையுங்கள், கைகள் தலைக்கு மேலே. மூச்சை இழுத்தபடி கைகளைக் கூரைப் பக்கம் கொண்டுவந்து தலையைத் தூக்குங்கள். மூச்சை விட்டபடி வயிற்றை உள்ளே இழுத்து, பாயை ஒரு நுனியிலிருந்து சுருட்டுவதுபோல எழுந்து முன்னால் குனியுங்கள். திரும்பும்போது வால் எலும்பை உள்ளே மடித்து, முதலில் இடுப்பு, பிறகு நடுமுதுகு, கடைசியில் தலை என்று பாயை விரியுங்கள்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். தோள்பட்டை எலும்பு வரை சுகமாக வரும். அதற்கு மேல் உடம்பு அசையாது, கால் இரண்டும் காற்றில் கிளம்பும். சரி, பள்ளிக்கூட பி.டி. பீரியடில் செய்ததுபோல் மகனைக் காலைப் பிடிக்கச் சொன்னேன். ஜம்மென்று எழுந்துவிட்டேன். ஆனால் மறுநாள் வலித்தது வயிறு இல்லை, தொடை இடுப்போடு சேரும் இடம். காலை யாராவது அமுக்கினால் தொடையைத் தூக்கும் தசைகள் வேலையைப் பிடுங்கிக்கொள்கின்றன, வயிறு சும்மா கிடக்கிறது. கட்டிலுக்கு அடியில் காலை மாட்டினாலும் இதே கதைதான்.

வழி தலைகீழாக இருந்தது: எழுவதை விட்டுவிட்டு இறங்கப் பழகுங்கள். முழங்காலை மடித்து உட்கார்ந்து, தொடைக்குப் பின்னால் கைகளால் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் உருளுங்கள். எங்கே உடம்பு ‘தொப்’பென்று விழப் பார்க்கிறதோ, அங்கே நின்று இரண்டு மூச்சு விட்டுத் திரும்பி வாருங்கள். எனக்கு அது பாவாடை நாடா கட்டும் இடம். ஒரு வாரம் தினமும் ஐந்து முறை செய்த பிறகு காலை நீட்டி, உள்ளங்காலைச் சுற்றிப் பருத்தித் துண்டைப் போட்டு, அதைப் பிடித்தபடி இறங்கி ஏறினேன். பதினைந்து நாளில் துண்டு தேவைப்படவில்லை. இதற்கென்று கடையில் விற்கும் ரப்பர் பட்டை வேண்டாம், அது இழுபட்டுச் செல்லம் கொடுக்கும்.

ஜோசப் பிலாட்டிஸ் தன் முறைக்கு வைத்த பெயரே கன்ட்ராலஜி, அதாவது கட்டுப்பாடு. 1945-ல் வந்த அவருடைய புத்தகத்தில் உள்ள 34 பயிற்சிகளில் இது இரண்டாவது. மூன்றிலிருந்து ஐந்து முறை செய்தால் போதும். கையை வீசி வேகத்தில் இருபது முறை எழுந்தால் அது வெறும் சிட் அப்.

பலன்? வயிற்றின் முன்தசையோடு ஆழத்தில் பெல்ட் மாதிரி சுற்றியிருக்கும் தசைக்கும் வேலை வருகிறது. ஒரே கட்டையாக நகர்ந்த முதுகு தனித்தனியாக மடிகிறது. தொடையின் பின்புறம் நீள்கிறது. தையல்காரி அல்லவா, இஞ்ச் டேப் வைத்து அளந்தேன்: விரலுக்கும் கால்விரலுக்கும் ஏழு இஞ்ச் இருந்த இடைவெளி இரண்டு மாதத்தில் இரண்டானது. ஊசியை இப்போது சுவர் இல்லாமல் எடுக்கிறேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த இரண்டு பேருக்குக் கழுத்து வலித்ததாம். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சாத்துக்குடி இருப்பதாக நினைத்து, பார்வையைத் தொப்புளில் வையுங்கள். எலும்புத் தேய்மானம், டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம், இதில் முதுகு நிறைய வளைகிறது.

மொட்டை மாடியில் செய்கிறவர்கள் கோடையில் ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். அப்புறம் தளம் சுடும். எங்கள் மாடியில் கீழ்வீட்டு அக்காவும் வடாம் பிழிய வந்துவிடுவார்.