தேன் வேணும்னா இதுல எங்க தொடணும்?

ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும் தை மாதம். மார்த்தாண்டத்தில் தேன் தொழில் செய்யும் என் சித்தப்பா தக்கலையில் இருக்கும் என் கடைக்கு வந்து போனை நீட்டினார். "மக்களே, தேன் வேணும்னா இதுல எங்க தொடணும்?"

அது நான் செய்துகொடுத்த இணையதளம். முகப்பில் ஐந்து படங்கள் மாறி மாறி ஓடின. கீழே வரவேற்புரை. அதற்கும் கீழே தேனீ வளர்ப்பின் வரலாறு. விலையைப் பார்க்க மெனுவைத் திறந்து மூன்று இடங்களில் தொட வேண்டும். தளத்தின் சொந்தக்காரருக்கே வழி தெரியவில்லை என்றால், கோயம்புத்தூரில் பஸ்ஸுக்குக் காத்து நின்றுகொண்டு பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? அன்று இரவே அதைப் பிரித்துப் போட்டேன். அதன்பிறகு யார் தளம் கேட்டு வந்தாலும் நான் செய்யும் முறை இதுதான். நீங்களும் உங்கள் தளத்தில் செய்து பார்க்கலாம்.

முதல் வேலைக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். ஒரு நோட்டு போதும். ஒரு வாரம், வருகிற ஒவ்வொரு போனிலும் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். சித்தப்பாவின் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தவை இவை: கிலோ என்ன விலை? அரைக் கிலோ கிடைக்குமா? சென்னைக்கு அனுப்புவீங்களா, எத்தனை நாள் ஆகும்? போன தடவை வாங்கினது உறைஞ்சுபோச்சே, சீனி கலந்ததா? கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா?

தேனீ வளர்ப்பின் வரலாற்றை ஒருவரும் கேட்கவில்லை. நான் மெனக்கெட்டு எழுதிய நான்கு பத்தியையும் எடுத்துவிட்டேன். எடுக்கும்போது மனசு கஷ்டப்பட்டது உண்மை. ஆனால் அந்த இடத்தில் வந்த பதில்கள் விற்பனைக்கு உதவின. ரப்பர் தோட்டத்துத் தேன் சீக்கிரம் உறையும், அது கலப்படத்துக்கு அடையாளமில்லை, பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகும் என்று மூன்று வரி. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி. சர்க்கரை நோய் தீரும், சளி போகும் என்று பழைய பக்கத்தில் இருந்ததையெல்லாம் நீக்கினேன். நிரூபிக்க முடியாததை எழுதி ஒரு பாட்டில்கூட விற்க வேண்டாம் என்பதில் சித்தப்பாவும் நானும் ஒரே கட்சி.

அடுத்து, பக்கத்துக்கு வருபவர் என்ன செய்துவிட்டுப் போக வேண்டும் என்பதை ஒரே ஒரு வினைச்சொல்லில் முடிவு செய்யுங்கள். வாங்க வேண்டுமா, அழைக்க வேண்டுமா, வர வேண்டுமா? இது தொழிலுக்குத் தொழில் மாறும். மயிலாடியில் கற்சிலை செய்யும் ஒருவர் எல்லாச் சிலைக்கும் விலை போடச் சொன்னார். கல், அளவு, வேலைப்பாடு என்று எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும்போது விலையை எப்படிப் போடுவது? அவருக்கு 'சிலையின் படத்தையும் உயரத்தையும் அனுப்புங்கள்' என்று ஒரே பட்டன் வைத்தேன். தேனுக்கு 'வாட்ஸ்அப்பில் தேன் வாங்க'. 'சமர்ப்பி', 'மேலும் அறிய' போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். தொட்டால் என்ன நடக்குமோ அதையே பட்டனில் எழுதுங்கள்.

இனி போனை எடுத்துக்கொள்ளுங்கள். திரையைத் தள்ளாமல் முதலில் தெரியும் இடத்தில் நான்கு விஷயம் போதும்: என்ன விற்கிறீர்கள், எந்த ஊர், என்ன விலை, எங்கே தொட வேண்டும். ஓடும் படங்களை நிறுத்திவிட்டு நல்ல படம் ஒன்றை வையுங்கள். இரண்டாவது படம் வருவதற்குள் பலர் கீழே தள்ளிப் போயிருப்பார்கள். பட்டனைக் கட்டைவிரல் தடுமாறாத அளவுக்குப் பெரிதாக வையுங்கள். கூகுள் சொல்லும் அளவு சுமார் 48 பிக்சல் உயரம். நிறத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம், வெயிலில் நின்று பார்த்தாலும் எழுத்து தெரிந்தால் சரி.

வாட்ஸ்அப் லிங்க்கில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். எண்ணுக்கு முன்னால் 91 வர வேண்டும். கூட்டல் குறி, எண்ணின் தொடக்கத்தில் பூஜ்யம், நடுவில் இடைவெளி எதுவும் கூடாது. அந்த லிங்க்கிலேயே முதல் செய்தியையும் எழுதிவைக்கலாம். சித்தப்பாவின் லிங்க்கைத் தொட்டால் 'தளத்தைப் பார்த்தேன், 1 கிலோ தேன் வேண்டும், என் பின்கோடு:' என்று தயாராக வரும். வாங்குபவர் பின்கோடை மட்டும் சேர்த்து அனுப்பினால் போதும். 'தளத்தைப் பார்த்தேன்' என்று வருவதால், எத்தனை பேர் தளம் வழியாக வந்தார்கள் என்பதையும் தனியாக எந்தக் கருவியும் இல்லாமல் எண்ணிவிடலாம். போன் எண்ணையும் தொட்டால் அழைப்பு போகும் லிங்க்காகவே வையுங்கள். படத்துக்குள் எண்ணை எழுதிவைத்தால் அதை யாரும் தொட்டு அழைக்க முடியாது.

படிவம் கட்டாயம் வேண்டுமென்றால் பெயர், போன், என்ன வேண்டும் என்ற மூன்று கட்டங்களோடு நிறுத்துங்கள். பிறந்த தேதியெல்லாம் எதற்கு?

கன்னியாகுமரியில் தங்கும் விடுதி நடத்தும் ஒரு அக்காவின் தளம் வேறு மாதிரி சிக்கல். முகப்பு முழுக்க விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, சூரிய உதயம். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதானே ஆட்கள் வருகிறார்கள்! கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அவர்கள் அக்காவிடம் போனில் கேட்பது: ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கலாம், வேன் நிறுத்த இடம் உண்டா, படகுத்துறைக்கு எவ்வளவு தூரம் நடக்கணும், விடியற்காலை சுடுதண்ணி வருமா. இந்த நான்குக்கும் பதிலை மேலே ஏற்றினேன், மலையாளத்திலும் தெலுங்கிலும் சேர்த்து. சூரிய உதயப் படம் ஒன்று இருக்கிறது, மொட்டை மாடியிலிருந்து அக்காவே எடுத்தது. அது அந்த விடுதியிலிருந்து என்ன தெரியும் என்பதைக் காட்டுகிறது, அதனால் இருக்கட்டும்.

நம்பிக்கை தரும் விஷயங்களைப் பட்டனுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பணம் அனுப்பப் போகும் நொடியில்தான் சந்தேகம் வரும். தேனுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண், கடையின் முழு முகவரி, பாட்டில் உடைந்து வந்தால் என்ன செய்வோம் என்ற ஒரு வரி. மார்த்தாண்டம் தேனுக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் முத்திரையை உங்கள் பாட்டிலில் போட வேண்டுமென்றால், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக முறைப்படி பதிவு செய்த பிறகு போடுங்கள்.

வேகம். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் நான்கைந்து எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் வந்துவிடும். கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் இலவசம், முகவரியைக் கொடுத்தால் எது தாமதமாக்குகிறது என்று காட்டும். முகப்பின் பெரிய படம் இரண்டரை வினாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. பேச்சிப்பாறை பக்கம் போகும்போது சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்திலும் நான் ஒருமுறை திறந்து பார்ப்பேன்.

பழைய பக்கங்களை நீக்கும்போது அவற்றின் முகவரியைப் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிட மறக்காதீர்கள், இல்லையென்றால் கூகுளில் தேடி வருபவர் வெறும் பிழைச் செய்தியைத்தான் பார்ப்பார்.

எல்லாம் முடிந்ததும், தளத்தை இதுவரை பார்க்காத ஒருவரிடம் போனைக் கொடுத்து "ஒரு கிலோ வாங்குங்க" என்று மட்டும் சொல்லுங்கள். வாயைத் திறக்காமல் விரலைப் பாருங்கள். நான் சித்தியிடம் கொடுத்தேன். விலை வரை சரியாகப் போனவர், அனுப்பும் செலவு அதில் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் நின்றார். விலைக்குப் பக்கத்தில் 'கூரியர் செலவு தனி' என்று சேர்த்தேன்.

கடைசியாக, விலையையும் இருப்பையும் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுங்கள், கடைக்காரரே போனில் மாற்றிக்கொள்ளும்படி. ஆனி, ஆடி மழையில் தேன் கிடைக்காது, தேனீப் பெட்டிகளுக்குச் சீனிப்பாகுதான் வைக்க வேண்டியிருக்கும். கையிருப்பு தீர்ந்த அன்று சித்தப்பாவே பட்டனை 'அடுத்த தேன் வந்ததும் சொல்லுங்கள்' என்று மாற்றிவிடுகிறார். அப்படிச் செய்தி அனுப்பியவர்களின் எண்களை அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். மாசியில் தேன் எடுக்கத் தொடங்கியதும் முதலில் கூப்பிடுவது அவர்களைத்தான்.