முன்னால் நிற்கும் பூஜ்யத்தைத் தொலைத்துவிடாதீர்கள்

வெளிநாட்டுக்குத் தபாலும் பார்சலும் அனுப்பித் தருகிற கடை எங்களுடையது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி போன வாரம் அச்செடுத்த லேபிள்களைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறு. பின்கோடு எழுத மறப்பது, இலக்கத்தை மாற்றி எழுதுவது பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. பார்த்தாலும் கண்ணில் படாத தவறுகளைச் சொல்கிறேன்.

எக்செல் விழுங்கும் பூஜ்யம்

நம் பின்கோடு எதுவும் பூஜ்யத்தில் தொடங்காது. அதனால் முன்னால் ஒரு பூஜ்யம் இருக்கும் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், கனெக்டிகட் மாநிலங்களின் ஜிப் கோடு (அந்த நாட்டுப் பின்கோடு) பூஜ்யத்தில்தான் தொடங்கும். நம்மவர்கள் நிறைய வசிக்கும் எடிசனில் ஒரு ஜிப் கோடு 08820. எக்செல்லில் அடித்தால் அது 8820 ஆகிவிடும். கொழும்பு வெள்ளவத்தையின் 00600 வெறும் 600 ஆகிவிடும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டார் பத்திரிகை அனுப்ப முகவரிப் பட்டியல் கொடுத்தார்கள். அப்படியே லேபிள் அச்சடித்து ஒட்டினேன். ஊர், மாநிலத்தைப் பார்த்துச் சில கவர்கள் தாமதமாகவாவது போய்ச் சேர்ந்தன. எடிசனில் இருந்த பெண்ணின் அத்தைக்கு அனுப்பியது மட்டும் கல்யாணம் முடிந்த பிறகு எங்களிடமே திரும்பி வந்தது. அத்தைக்கே பத்திரிகை வைக்கவில்லை என்றால் ஒரு குடும்பத்தில் என்ன ஆகும்? அந்தப் பெண்ணின் அப்பா கடையில் வந்து நின்ற முகம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

8820 பார்ப்பதற்கு ஒழுங்கான குறியீடு மாதிரியே இருப்பதுதான் ஆபத்து. சுவிட்சர்லாந்தில் நான்கு இலக்கம்தான். அங்கே 8820 என்பது வேடன்ஸ்வில் ஊருடையது.

ஆகவே அடிக்கத் தொடங்கும் முன்பே எக்செல்லில் குறியீடு வரும் நிரலை (column) 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்ப வராது. வாடிக்கையாளர் முகவரிப் பட்டியலை சிஎஸ்வி (CSV) கோப்பாகக் கொடுத்தால் இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள், அப்போதும் பூஜ்யம் போய்விடும். இம்போர்ட் செய்து, குறியீட்டு நிரலுக்கு டெக்ஸ்ட் தேர்ந்தெடுங்கள். அப்புறம் அமெரிக்க முகவரிகளைத் தனியாகப் பிரித்து, ஐந்து இலக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.

நாட்டின் பெயர்

சிங்கப்பூரிலும் நம்மைப் போல ஆறு இலக்கம். ஜூரோங் பகுதிக் குறியீடுகள் 60 முதல் 64 வரை தொடங்கும். தமிழ்நாட்டுப் பின்கோடுகளும் அதே 60 முதல் 64 வரைதான்! சிங்கப்பூர் என்று எழுதாமல் விட்டால் அது சென்னை, கோவைப் பின்கோடு போலத்தான் தெரியும். நாட்டின் பெயரைக் கடைசி வரியில், தனியாக, ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

கனடா

அங்கே குறியீட்டில் 'ஓ' என்ற எழுத்தே கிடையாது. வட்டமாக இருந்தால் பூஜ்யம்.

துபாய்

குறியீடு இல்லை. பி.ஓ. பாக்ஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர்ப் பின்கோட்டைப் போட்டு இடத்தை நிரப்பாதீர்கள்.